கேபினுக்குள் எந்த மலை?

பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தை ஒட்டி, மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் களிமண் பரப்பு ஒன்று உண்டு. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. மழை ஓய்ந்த மறுநாள் அங்கே நடந்தால் அம்மோனைட் என்ற பழங்கடல் உயிரினத்தின் சுருள் சுருளான ஓட்டுத் துண்டுகள் காலில் தட்டுப்படும். பக்கத்து அரியலூரின் சுண்ணாம்புப் படிவங்களிலும் இந்த உயிரினத்தின் எச்சங்கள் நிறைய உள்ளன. ஓட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே வரிசையாக அறைகள், அறைகளுக்கு நடுவே நெளிந்து வளைந்த மெல்லிய சுவர்கள். பிராணி கடைசி அறையில் மட்டும்தான் குடியிருந்தது. மற்ற அறைகளில் வாயு நிரம்பியிருந்ததால் ஓடு மூழ்காமல் மிதந்தது. வெளியே கடல் நெருக்க, உள்ளே குறைந்த அழுத்தத்தில் வாயு. அதன் தூரத்து உறவினரான நாட்டிலஸ் இன்றும் இதே முறையில்தான் வாழ்கிறது. ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் அதன் ஓடு தாங்காமல் நொறுங்கிவிடும்.

இதே மண்ணிலிருந்து ஆண்டு முழுவதும் ஆட்கள் இன்னோர் அழுத்தக் கலத்தில் ஏறிப் போகிறார்கள். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர், ஜெயங்கொண்டம், செந்துறை என்று எந்தப் பக்கம் போனாலும் துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ ஆள் இருக்கும் வீடுகள் உண்டு. அவர்களுக்கு விமானம் என்றால் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம். மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று, இரண்டும் 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நாலு மணி நேரப் பறப்பு.

எந்த விமானம் நல்ல விமானம் என்று இவர்களைக் கேட்டால் பதில் சட்டென்று வரும். நேராகப் போக வேண்டும், பெட்டிக்கு 30 கிலோ விட வேண்டும், முட்டி இடிக்காத சீட் வேண்டும், நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். எல்லாம் நியாயமான ஆசைகள். ஆனால் காற்றை யாரும் சொல்வதில்லை. உடம்பை அதிகம் பாதிப்பது அதுதான்.

அம்மோனைட்டுக்கு வெளியே அழுத்தம் அதிகம். விமானத்துக்கோ உள்ளேதான் அதிகம். 35,000 அடியில், அதாவது பத்தரைக் கிலோமீட்டருக்கும் மேலே, வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் கால்வாசிகூட இல்லை. குளிர் மைனஸ் 54 டிகிரி. அந்தக் காற்றில் ஒரு நிமிடத்துக்குள் நினைவு தப்பிவிடும். அதனால் விமானம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, வெப்பநிலையைச் சரிசெய்து கேபினுக்குள் செலுத்திக்கொண்டே இருக்கிறது. எந்த அளவுக்கு அமுக்குவது? தரையில் உள்ள அளவுக்கே அமுக்கினால் பயணிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் உடற்சுவர் அவ்வளவையும் தாங்கும் கனத்தில் இருக்க வேண்டும். எடை கூடும், எரிபொருள் கூடும். ஆகவே சாதாரணப் பறப்பில் கேபினுக்குள் இருக்கும் காற்று 8,000 அடி உயர மலையில் உள்ள காற்றைவிட மெலிந்துவிடக் கூடாது என்று விதி வகுத்தார்கள். இதற்குக் கேபின் உயரம் என்று பெயர்.

8,000 அடி என்றால் எவ்வளவு? ஊட்டி ஊர் சுமார் 7,350 அடியில் இருக்கிறது, தொட்டபெட்டா சிகரம் 8,650 அடியில். இரண்டுக்கும் நட்ட நடுவே. திருச்சியிலிருந்து கிளம்பும் 737 போன்ற விமானம், தன் உச்ச உயரத்தை எட்டும்போது பயணிகளை இந்த மலையில்தான் உட்கார வைக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் மணிக்கணக்கில் ஏறிப் போகும் உயரத்தை, இங்கே பெல்ட்டைக் கட்டியபடி அரை மணிக்குள் ஏறிவிடுகிறோம்.

சந்தேகம் இருந்தால் இதைச் செய்து பார்க்கலாம். விமானம் உச்ச உயரத்தில் பறக்கும்போது, குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி முன் சீட்டுப் பையில் வைத்துவிடுங்கள். தரை தொட்டதும் எடுத்துப் பாருங்கள். பாட்டில் இடுப்பொடுங்கி நசுங்கியிருக்கும். "என்னப்பா, யாராச்சும் மிதிச்சுட்டாங்களா?" என்று பக்கத்து சீட்டுப் பெரியவர் கேட்பார். யாரும் மிதிக்கவில்லை, மலைமேல் அடைத்த காற்றைத் தரையின் காற்று அமுக்கியிருக்கிறது. 8,000 அடியில் மூடிய ஒரு லிட்டர் பாட்டிலில் உள்ள காற்று, கீழே வந்ததும் முக்கால் லிட்டராகிவிடும்.

பாட்டிலுக்கு நேர்வதுதான் காதுக்கும். நடுக்காதில் அடைபட்ட காற்று, தொண்டையோடு சேரும் ஒரு சிறு குழாய் வழியாகத்தான் சமன்பட வேண்டும். ஏறும்போது காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது உள்ளே போக அடம்பிடிக்கும். தரையை நெருங்க நெருங்க ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் அழுத்தம் கூடுதலாக மாறுவதால் வலி கடைசி நிமிடங்களில்தான் அதிகம். விமானம் தாழும்போது குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீறிட்டு அழுவது இதனால்தான். எச்சில் விழுங்கினால் அந்தக் குழாய் திறக்கும். அந்த நேரத்தில் குழந்தைக்குப் பால் கொடுப்பதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

நுரையீரலின் கதை சத்தமில்லாதது. 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. போயிங் ஆதரவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 502 பேரை, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் அறையில் விமானப் பயணிகளைப் போலவே உட்கார வைத்து, 20 மணி நேரம் வரை பார்த்தார்கள். சிலருக்கு 650 அடிக் காற்று, மற்றவர்களுக்குப் படிப்படியாக 8,000 அடி வரை. 8,000 அடியில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு நான்கு புள்ளிக்கு மேல் இறங்கியது. மூன்று மணி நேரம் கடந்த பிறகு தலைபாரம், உடம்பு வலி போன்ற தொல்லைகள், 7,000 முதல் 8,000 அடியில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தன. 6,000 அடியிலும் அதற்குக் கீழும் இருந்தவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை.

இந்த முடிவை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். ஊர் திரும்பியவர் இரண்டு நாள் சோர்ந்து கிடந்தால், "தூக்கம் கெட்டுப்போச்சு, ஏசி ஒத்துக்கல" என்று நாம் காரணம் சொல்லிக்கொள்கிறோம். அதில் ஒரு பங்கு காற்றுக்கு உரியதாக இருக்கலாம். திடமான இளைஞருக்கு இது தாங்கக்கூடியதே. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் ஆஸ்துமாக்கார அம்மாவுக்கும், இரத்தசோகை உள்ளவருக்கும், இதயநோயாளிக்கும் நான்கு புள்ளி இறக்கம் என்பது வேறு கணக்கு. அவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். வழியில் ஆக்சிஜன் தேவைப்படும் என்று தெரிந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

அப்படியானால் விதி ஏன் 6,000 அடி என்று சொல்லவில்லை? பதில் உலோகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் விமானத்தின் உடல் உள்ளழுத்தத்தால் லேசாக உப்புகிறது, இறங்கியதும் சுருங்குகிறது. அம்மோனைட்டின் ஓடு வெளியிலிருந்து அமுக்கப்பட்டது. அமுக்கத்தில் விரிசல் வாய் திறப்பதில்லை. இழுவையில் திறக்கும். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இத்தாலியை ஒட்டிய கடலுக்கு மேல் அடுத்தடுத்து நடுவானில் சிதறியது. காரணம் அறிய, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளழுத்தத்தை ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். அது முன்பு உண்மையில் பறந்ததையும் சேர்த்து 3,057-ஆவது சுற்றில் கிழிந்தது. அன்றிலிருந்து, எத்தனை மணி நேரம் பறந்தது என்பதோடு எத்தனை முறை உப்பிச் சுருங்கியது என்பதையும் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அலுமினிய உடலுக்கு 8,000 அடி என்பது நுரையீரலும் உலோகமும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்த உடன்பாடு.

அந்த உடன்பாட்டை மாற்றி எழுதியது கார்பன் இழை. 2011-இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 787-இன் கட்டமைப்பில், எடையில் பாதி கார்பன் இழை கலந்த கூட்டுப்பொருள். 2015-இல் வந்த ஏர்பஸ் ஏ350-இல் பாதிக்கும் சற்று மேல். இந்தப் பொருள் அலுமினியத்தைப் போல இழுவையில் களைப்பதில்லை. ஆகவே கேபினைக் கூடுதலாக அமுக்கி 6,000 அடியில் நிறுத்த முடிந்தது. அது கிட்டத்தட்ட குன்னூர். தொட்டபெட்டாச் சரிவுக்குப் பதில் குன்னூரில் உட்கார்ந்து லண்டன் போகலாம் என்பதுதான், இந்த விமானங்கள் பயணிக்குத் தந்த பெரிய வரம். விளக்கு நிறம் மாறுவதும் ஜன்னல் பொத்தானை அழுத்தினால் இருள்வதும் அதற்கு அடுத்தபடிதான்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 787-இன் ஜன்னல் பெரியது, சுமார் 47 சென்டிமீட்டர் உயரம், 27 சென்டிமீட்டர் அகலம். 40,000 அடியில் பறக்கும்போது உள்ளிருந்து அதன்மேல் விழும் விசை கிட்டத்தட்ட முக்கால் டன். பழைய விமானங்களின் சிறிய ஜன்னல்களில் இன்னொன்றையும் பார்க்கலாம்: நடுக்கண்ணாடியின் அடிப்பக்கம் ஊசிமுனை அளவில் ஒரு துளை. கேபினின் அழுத்தம் அந்தத் துளை வழியே கடந்து, சுமை முழுவதையும் வெளிக்கண்ணாடியே ஏற்கும்படி செய்கிறது. வெளிக்கண்ணாடி உடைந்தால் ஏற்பதற்கு நடுக்கண்ணாடி காத்திருக்கிறது. துளையைச் சுற்றிச் சில நேரம் பனித்துகள் பூப்போலப் படியும்.

கூட்டுப்பொருளால் இன்னொரு நன்மை ஈரப்பதம். மைனஸ் 50 டிகிரிக் காற்றில் நீராவி என்று சொல்ல ஏதும் இல்லை. அதைச் சூடாக்கி உள்ளே விட்டால் கேபின் பாலைவனத்தைவிட உலர்ந்துபோகிறது. அங்குள்ள கொஞ்சநஞ்ச ஈரமும் பயணிகள் விடும் மூச்சிலிருந்து வருவது. அலுமினிய உடலில் ஈரத்தைக் கூட்டினால் உலோகம் அரிக்கும் என்ற பயம் இருந்தது. கார்பன் இழைக்கு அந்தப் பயம் இல்லாததால் கொஞ்சம் கூட்ட முடிகிறது. மூக்கு உலர்வதும் காற்றழுத்தம் குறைவதும் சேர்ந்து உப்பையும் இனிப்பையும் மங்கச் செய்கின்றன. 2010-இல் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் லுஃப்தான்சாவுக்காகச் செய்த சோதனை இதைக் காட்டியது. வீட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் கட்டிக்கொண்டு போகிறவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

சீட் விஷயத்தில் விமானம் கட்டுபவரைவிட அதை வாங்குபவருக்கே பொறுப்பு அதிகம். 787-இன் அகலத்தில் சாதாரண வகுப்பில் வரிசைக்கு எட்டு சீட் தாராளமாகப் போடலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் பன்னாட்டுப் பறப்புகளில் எட்டுதான் போட்டிருக்கிறது. மற்ற பெரும்பாலான நிறுவனங்கள் ஒன்பது போட்டுத் தோளோடு தோள் இடிக்க வைத்திருக்கின்றன. போயிங் 777-இல் ஒன்பதாக இருந்தது பத்தாகிவிட்டது. அசையாமல் உட்காருவதில் ஆபத்தும் உண்டு. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பயணங்களில் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில் அது சிறியதுதான். ஆனாலும் நாலு மணி நேரம் என்பது சரியாக நம் திருச்சி–துபாய் பயணம். ஜன்னலோரத்தில் அடைபட்டவர், "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டு எழுந்து நடக்கத் தயங்கக் கூடாது.

இனி முன்னால் இருக்கும் இரண்டு சீட்டுகள். விமானிகள் ஒரு விமானத்தை மெச்சும்போது எதைச் சொல்கிறார்கள்? ஏர்பஸ் ஓட்டுபவர்கள் முன்னால் கைப்பிடித் தண்டு இல்லாததையும், அந்த இடத்தில் இழுத்து விரிக்கும் மேசையில் தட்டை வைத்து ஒழுங்காகச் சாப்பிட முடிவதையும் சொல்வார்கள். போயிங்காரர்கள், தானியங்கி வேகத்தை மாற்றும்போது விசை நெம்புகோல் கண்ணெதிரே நகர்வதையும், கைப்பிடித் தண்டு கையில் உணரத்தக்கதாக இருப்பதையும் சொல்வார்கள். 787-இல் இரண்டு விமானிகளுக்கும் கண்ணெதிரே கண்ணாடித் தகட்டில் வேகமும் உயரமும் தெரியும். தலையைக் குனிய வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு ஏ350 பதினெட்டு மணி நேரம் பறக்கிறது. அங்கே விமானிகள் முறைவைத்துப் படுக்கத் தனிப் படுக்கை அறை உண்டு. குன்னூர்க் காற்று அவர்களுக்கும் சேர்த்துத்தான். பயணி ஆண்டுக்கு ஒருமுறை சுவாசிப்பதை அவர்கள் வாரந்தோறும் சுவாசிக்கிறார்கள்.

ஆனால் பேச்சு நீளும்போது எல்லா விமானிகளும் வந்து சேரும் இடம் ஒன்று: கையிருப்பு. ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. அதோடு யோசிக்க நேரம்.

இதைத் திருச்சி வானத்திலேயே பார்த்தோம். 2024 அக்டோபர் 11 மாலை 5.40 மணிக்கு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737-இல் 141 பயணிகள் இருந்தார்கள். ஏறிய சற்று நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு. சக்கரங்களை மடக்கவும் விரிக்கவும் இறக்கைப் பலகைகளை அசைக்கவும் உதவும் எண்ணெய் அழுத்த அமைப்பு அது. 737-இல் அப்படி இரண்டு முதன்மை அமைப்புகள், துணைக்கு ஒன்று. அவை கைவிட்டாலும் கம்பிவடங்கள் வழியே கைபலத்தால் இறக்கையையும் வாலையும் ஓரளவு ஆட்ட முடியும். சக்கரத்தை அதன் சொந்த எடையாலேயே இறக்கும் வழியும் உண்டு. ஆகவே உடனே விழுந்துவிடும் அபாயம் இல்லை. ஆனால் உடனே இறங்கவும் முடியாது. புறப்படும்போது 79 டன் வரை சுமக்கும் அந்த விமானம் இறங்கும்போது சுமார் 66 டன்னுக்குள் இருக்க வேண்டும். எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி 737-இல் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

அதனால் வட்டமடித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக. கீழே தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் அந்த மாலை எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். பார்ப்பவருக்கு ஒவ்வொரு வட்டமும் ஆபத்து கூடுவதாகத் தோன்றும். உள்ளே இருந்த விமானிகளுக்கு ஒவ்வொரு வட்டமும் எடை குறைவது, ஓடுபாதையில் நிற்கத் தேவையான தூரம் குறைவது, கையேட்டின் அடுத்த பக்கத்தைச் சரிபார்க்க நேரம் கிடைப்பது. இரவு 8.15 மணியளவில் பத்திரமாக இறங்கினார்கள். ஓடுபாதையின் நீளத்தைக் கணக்கில் எடுத்தே எரிபொருளையும் எடையையும் குறைத்ததாக நிறுவனம் பிறகு சொன்னது.

இரண்டே என்ஜின் உள்ள விமானம் கண்டம் தாண்டுவதும் கையிருப்புக் கணக்குதான். 2001 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் எரிபொருள் கசிந்து இரண்டு என்ஜின்களும் நின்ற ஏர் டிரான்சாட் ஏ330, சுமார் 19 நிமிடம் மிதந்தபடியே வந்து அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதிலிருந்த 306 பேரும் பிழைத்தார்கள். உயரம்கூட ஒரு கையிருப்பு என்பது அப்போது தெரிந்தது. தரையை ஒட்டிப் பறக்கும் விமானத்திடம் அது இல்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் மேலெழும்பிய சில நொடிகளில் ஏர் இந்தியாவின் 787 விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேரையும் தரையில் இருந்தவர்களையும் இழந்தோம். இந்த விமான வகையின் முதல் உயிர்ப்பலி விபத்து அது. குன்னூர்க் காற்றைப் புகழும் எந்தக் கட்டுரையும் அந்த நாளைச் சொல்லாமல் கடக்கக் கூடாது.

ஓடுபாதைக்கு வருவோம். திருச்சியில் அது 2,480 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். சித்திரை வெயிலில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். 40 டிகிரிச் சூட்டில் காற்று, பொறியாளர்கள் அடிப்படையாக எடுக்கும் 15 டிகிரிக் காற்றைவிட எட்டு விழுக்காடு மெலிந்திருக்கும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், என்ஜினுக்கு விசை குறையும். திருச்சியின் தரை கடல்மட்டத்திலிருந்து 288 அடிதான். ஆனால் அந்த மதியத்தில் விமானத்தைப் பொறுத்தவரை அது 3,000 அடிக்கும் மேலான ஒரு மலை. 787-8 முழுச் சுமையில் 228 டன் வரை இருக்கும். அந்த எடையோடு, அந்த வெயிலில், அந்த நீளத்தில் அது எழும்ப முடியாது. ஓடுபாதையை நீட்ட நிலம் எடுப்பது பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்துவைத்த புது முனையம், ஆண்டுக்கு 44 லட்சம் பேரைக் கையாளும்படி ஆயிரம் கோடிக்கு மேல் செலவில் கட்டப்பட்டது. அழகாகவே இருக்கிறது. ஆனால் அதன் வாசலில் வந்து நிற்பவை பெரும்பாலும் ஒற்றை நடைபாதை விமானங்கள். லண்டனுக்கும் டொரோண்டோவுக்கும் போகிறவர்கள் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இறங்கி மாறுகிறார்கள். அந்த அகலமான, ஈரமான, குன்னூர்க் காற்றுள்ள கேபின் அவர்களுக்குப் பாதி வழியில்தான் கிடைக்கிறது. வேலைக்காகப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. பயணம் முழுவதும் மெலிந்த காற்றில், முட்டி இடிக்கும் வரிசையில்.

கட்டாயத்தால் பறக்கிறவர்கள் இவர்கள். ஓடுபாதை நீள்வது அரசின் கையில். அதற்கு ஆண்டுகள் ஆகும். நாளையே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பெட்டிக்கு எத்தனை கிலோ என்று டிக்கெட்டில் அச்சிடுகிறார்கள் அல்லவா? அதன் கீழே இன்னும் இரண்டு எண்களைச் சேர்க்கட்டும்: சீட்டின் அகலம் எத்தனை அங்குலம், கேபினின் உயரம் எத்தனை அடி. பெரம்பலூரில் டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட்டிடம், "தம்பி, அம்மாவுக்கு மூச்சுத் தொல்லை இருக்கு, இதுல எத்தனை அடி வருது?" என்று ஒருவர் கேட்டால், அவரும் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதில் சொல்ல முடியும்.